நிவாரணச் சங்கம் பதியப் போகிறோம்: போஷகர் முதலில் வேண்டுமா, யாப்பு முதலில் வேண்டுமா?

சாமிமலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த சில பேர், மழைக்காலத்தில் மண்சரிவு அபாயம் என்று லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) விட்டு வெளியேற்றப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, பாய், போர்வை, பிள்ளைகளுக்குக் கொப்பி புத்தகம் என்று சேர்த்துக் கொடுத்து வருகிறோம். பெயர் இல்லை, முத்திரை இல்லை, வாட்ஸ்அப் குழு மட்டும்தான். இப்போது கொழும்பில் வேலை செய்கிற நம் ஆட்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் மாதாமாதம் பணம் அனுப்பத் தயார் என்கிறார்கள், ஆனால் ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்ப மாட்டோம், சங்கமாகப் பதிந்து கணக்கு திறங்கள் என்கிறார்கள். அது நியாயம்தான்.

பிரச்சினை போன கூட்டத்தில் வந்தது. பெரியவர்கள் சொல்வது, முதலில் ஒரு பெரிய மனிதரைப் போஷகராக, அதாவது கௌரவ ஆதரவாளராக, போட வேண்டும், கடிதத் தலைப்பில் அவர் பெயர் இருந்தால்தான் தோட்ட நிர்வாகமும் மதிக்கும், டவுன் கடைக்காரர்களும் கை கொடுப்பார்கள் என்று. இளையவர்கள் சொல்வது, முதலில் யாப்பு, அதாவது சங்கத்தின் விதிமுறைகள், எழுதுவோம், பெயரெல்லாம் பிறகு என்று. அதில் ஒரு தாத்தா எழுந்து, "பிரித்தானிய செஞ்சிலுவைச் சங்கத்துக்கே மன்னர்தான் போஷகர், மன்னர் கொடுத்த பட்டயத்தில்தான் அது நடக்கிறது, அப்படியென்றால் போஷகர்தானே எல்லாத்துக்கும் மேல?" என்று கேட்டார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதுதான் கேட்கிறேன். பட்டயம் கொடுப்பதும் போஷகராக இருப்பதும் ஒன்றா? அங்கே மன்னர் நினைத்தால் சங்கத்தின் பணத்தில் கை வைக்க முடியுமா, சங்கத்தை மூட முடியுமா? நமக்கு மன்னர் இல்லை, அப்படியென்றால் அந்தப் பட்டயத்தின் இடத்தில் நமக்கு இருப்பது என்ன?

—

கண்டி வாசகன் எழுதியது:

தம்பி, தாத்தா கேட்டது நல்ல கேள்வி, ஆனால் அவர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார். வருடங்களைப் பார்த்தாலே பிரிந்து தெரியும்.

1870 ஜூலையில் பிரான்ஸும் பிரஷ்யாவும் போருக்குப் போன சமயம், ரொபர்ட் லொயிட் லின்ட்சே என்ற முன்னாள் இராணுவ அதிகாரி லண்டன் பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதினார். ஜெனீவாவில் 1864இல் காயமடைந்த படைவீரர்களுக்கான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது, ஐரோப்பாவில் பல நாடுகளில் சங்கம் இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை என்று கேட்டதோடு நிற்காமல் தன் பங்குக்கு ஆயிரம் பவுணும் தருவதாகச் சொன்னார். ஓகஸ்ட் 4ஆம் தேதி சங்கம் பிறந்தது. விக்டோரியா மகாராணி போஷகரானார். அப்போது அதற்குச் செஞ்சிலுவைச் சங்கம் என்ற பெயர்கூடக் கிடையாது, போரில் நோயுற்றோருக்கும் காயமடைந்தோருக்கும் உதவும் தேசியச் சங்கம் என்றுதான் பெயர். 1905இல்தான் அதை மறுசீரமைத்து இப்போதைய பெயரை வைத்தார்கள், ஏழாம் எட்வர்ட் மன்னர் போஷகர், அலெக்ஸாண்ட்ரா அரசி தலைவர். அரச பட்டயம் வந்தது 1908இல்.

ஆக, போஷகர் வந்து 38 வருடங்களுக்குப் பிறகுதான் பட்டயம் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அது எப்படி நடக்கும்?

பட்டயம் என்ன செய்கிறது என்றால், சங்கத்தைச் சட்டத்தின் கண்ணில் ஒரு ஆளாக்குகிறது. அதன் பெயரில் காணி வாங்கலாம், வழக்குப் போடலாம், அதன் மேல் வழக்கும் போடலாம், உறுப்பினர் செத்தாலும் மாறினாலும் சங்கம் தொடரும், அதற்கென்று ஒரு முத்திரை இருக்கும். கூடவே, எந்த நோக்கத்துக்காக இந்தச் சங்கம் என்று அதில் எழுதியிருக்கும், பணத்தை அந்த நோக்கத்துக்கு வெளியே செலவழிக்க முடியாது. பட்டயத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் சங்கத்தில் தீர்மானம் போட்டு, மன்னரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். முதலாம் உலகப் போர் முடிந்ததும் அப்படித்தான் நடந்தது. அதுவரை போர்க்கால உதவிக்கே என்று இருந்த சங்கம் சமாதான காலத்திலும் வேலை செய்ய நினைத்தபோது, 1919இல் துணைப் பட்டயம் வாங்கி, உடல்நலத்தை மேம்படுத்துவது, நோயைத் தடுப்பது, உலகெங்கும் துன்பத்தைக் குறைப்பது என்று நோக்கத்தை விரித்தார்கள். "அரசி விரும்புகிறார், செய்துவிடுவோம்" என்று செய்யவில்லை, தாளை மாற்றிவிட்டுத்தான் செய்தார்கள். இதைத் தாத்தாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

போஷகர் என்பது கௌரவம். போஷகர் என்ற முறையில் மன்னருக்குக் காசோலையில் கையெழுத்து இல்லை, நிர்வாகத்தில் வாக்கு இல்லை. சங்கத்துக்குப் பொறுப்பு அதன் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள்தான். 1952 முதல் போஷகராக இருந்த எலிசபெத் மகாராணி 2022 செப்டம்பரில் காலமானார். சார்ள்ஸ் மன்னர் போஷகராவது 2024 மே மாதம்தான் அறிவிக்கப்பட்டது (அதற்கு முன்பு 2003இலிருந்து அவர் தலைவர் என்ற பதவியில் இருந்தார், அதுவும் கௌரவப் பதவிதான்). அந்த இடைவெளியில், 2023 பெப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் நிலநடுக்கம் வந்தபோது, சங்கம் வழக்கம்போலப் பணம் சேர்த்து அனுப்பியது.

கண்டியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இங்கே அரசர்கள் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் (தெய்வங்களுக்கான கோவில்கள்) நிலம் கொடுத்தபோது சன்னஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள், சிலது செப்புத் தகட்டிலேயே. 1815இல் அரசே போய்விட்டது. ஆனால் பிறகு வெள்ளைக்காரர் காலத்தில் காணி யாருடையது என்று கேள்வி வந்தபோது காட்டுவதற்கு அந்த எழுத்து இருந்தது. அரசரின் அன்பை யாரும் சாட்சியாகக் காட்ட முடியாது.

—

பண்டாரவளை டீச்சர் எழுதியது:

கண்டி அண்ணா சொன்ன வரலாறு சரி. ஆனால் பெரியவர்கள் சொன்னதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

தோட்டத்தில் வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியாள் ஒரு லொறி சாமானோடு வந்தால் கேட்டில் நிறுத்துவார்கள். தோட்டத்துரையிடம் (தோட்ட மேலாளர்) அனுமதி வேண்டும், கூட்டம் போட மண்டபம் வேண்டுமென்றாலும் அனுமதி வேண்டும், பிள்ளை காம்பராவில் (குழந்தைகள் காப்பகம்) பொருள் வைக்க வேண்டுமென்றாலும் அனுமதி. அந்த நேரத்தில் "இது யார் சங்கம்?" என்ற கேள்விக்கு யாப்பின் மூன்றாம் பிரிவைக் காட்டினால் கேட் திறக்காது. நம்பிக்கையான ஒரு பெயர் இருந்தால் திறக்கும். நாங்கள் ஒருமுறை உதவிப் பொருளோடு ஒரு தோட்டத்தின் வாசலில் மத்தியானம் வரைக்கும் மழையில் நின்றோம், உள்ளே குடும்பங்கள் பள்ளிக்கூடத் தரையில் உட்கார்ந்திருந்தன. எந்தத் தோட்டம் என்று சொல்ல விரும்பவில்லை. கடைசியில் கோவில் குருக்கள் வந்து பேசிய பிறகுதான் விட்டார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் இதுதான் நடந்தது. ஹென்றி டுனாண்ட் 1859 ஜூன் 24இல் நடந்த சொல்பெரினோ போரின் காயக்காரர்களைப் பார்த்துவிட்டு, இதற்கென்று சங்கங்கள் வேண்டும் என்று நினைத்தார். அவர் ஒரு வியாபாரி, கையில் அதிகாரம் கிடையாது. அரண்மனைக் கதவுகளைத் தட்டித்தான் நாடுகளை ஜெனீவாவுக்கு வரவைக்க முடிந்தது. பிரஷ்யாவின் அரசி அகஸ்டா போன்றவர்கள் ஆதரித்தது இந்தத் தொண்டர்களுக்குப் பெரிய பலமானது. நெதர்லாந்தில் 1867இல் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கியதே அரசர் மூன்றாம் வில்லியத்தின் ஆணையில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜப்பான். 1912இல் வாஷிங்டனில் செஞ்சிலுவை மாநாடு நடந்தபோது பேரரசி ஷோகென் ஒரு இலட்சம் யென் கொடுத்தார், போர்க்கால வேலைக்கு இல்லை, சமாதான காலத்து நிவாரண வேலைக்கு. முதலைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் நிதியாக அதை ஜெனீவாவில் வைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த நிதியிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 11இல், அவருடைய நினைவு நாளில், பல நாட்டுச் சங்கங்களுக்கு உதவி அறிவிக்கிறார்கள். ஒரு போஷகர் என்றால் அப்படி இருக்க வேண்டும். பெயரும் கொடுத்தார், காசும் கொடுத்தார், அந்தக் காசை எப்படிப் பயன்படுத்துவது என்ற ஒழுங்கும் கூடவே வந்தது.

ஆகவே சாமிமலைத் தம்பிக்கு என் பதில், போஷகரை வையுங்கள். ஆனால் படம் பிடிக்க மட்டும் வருகிறவரை வைக்காதீர்கள். ஓய்வுபெற்ற அதிபர், தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஊரே மதிக்கிற ஒருவர், இப்படி யாரையாவது பாருங்கள்.

—

லுணுகலை எழுதியது:

டீச்சர் சொன்ன நல்ல போஷகர்களுக்கு எதிராக ஒரு பெயரை நான் வைக்க வேண்டியிருக்கிறது. பெல்ஜியத்தின் இரண்டாம் லியோபோல்ட்.

1876இல் அவர் பிரஸல்ஸில் ஒரு மாநாடு கூட்டி, சர்வதேச ஆபிரிக்கச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். அடிமை வியாபாரத்தை ஒழிப்பது, அறிவியல் ஆய்வு, நாகரிகம் என்றெல்லாம் பெரிய நோக்கங்கள். அரசரே முன்னின்றதால் ஐரோப்பாவே கைதட்டியது. 1885க்குள் கொங்கோ அவருடைய சொந்தச் சொத்துப் போல ஆகிவிட்டது. ரப்பருக்காக அங்கே மக்களுக்கு நடந்த கொடுமை உலகத்துக்குத் தெரியவந்து, பலர் வருடக்கணக்கில் போராடி, 1908இல்தான் அவர் கையிலிருந்து அது பெல்ஜிய அரசுக்குப் போனது. இதற்கு நடுவில், 1888இல், கொங்கோவுக்கென்று ஒரு செஞ்சிலுவைச் சங்கமும் அவருடைய ஆதரவில் இருந்தது! பிரித்தானியாவில் ஒரு சங்கத்துக்குப் பட்டயம் கிடைத்த அதே வருடத்தில்தான் இந்த அரசரிடமிருந்து கொங்கோவைப் பிடுங்க வேண்டியிருந்தது.

இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் போஷகர் என்றால் தொண்ணூறு வீதம் அரசியல்வாதிதான் ஞாபகத்துக்கு வருவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்த தேர்தலில் பக்கத்துத் தோட்டத்தில் மற்றக் கட்சிக்கு வாக்களிக்கிற குடும்பத்துக்கு வீடு சரிந்தால், அவர்கள் உங்கள் சங்கத்துக்கு வந்து கேட்பார்களா? தொழிற்சங்க அட்டை பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்ற பேச்சு ஒருதடவை எழுந்தால் அதைத் துடைக்கவே முடியாது. செஞ்சிலுவை இயக்கம் 1965இல் வியன்னாவில் ஏழு அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. மனிதாபிமானம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம், தொண்டுச் சேவை, ஒருமை, உலகளாவிய தன்மை. தேவை ஒன்றை மட்டும் பார்த்துக் கொடு என்பதுதான் பாரபட்சமின்மை. உங்கள் யாப்பில் வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டும்.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்கள் அப்படியே புதைந்தன. அந்த வாரத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாரும் வந்து போனார்கள். தப்பியவர்கள் புது வீட்டுக்குப் போக ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது, அதில் பெரும்பகுதி ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளேதான் கழிந்தது. அந்த இரண்டு வருடமும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிற சங்கம்தான் தேவைப்பட்டது.

—

சாமிமலை எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் கூட்டத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, நமக்குப் பட்டயம் மாதிரி வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் சட்டம் போட வேண்டும் என்கிறார் ஒருவர், அது எங்களால் ஆகிற காரியமா? இரண்டாவது, தம்பி ஒருவன் எங்களுக்கு இலச்சினை வரைந்திருக்கிறான், தேயிலைக் கொழுந்துக்கு நடுவில் சிவப்புச் சிலுவை. பார்க்க நன்றாக இருக்கிறது, பனருக்கும் சட்டைக்கும் போடலாமா?

—

மாத்தளை ஐயா எழுதியது:

அரச அலுவலகத்தில் சங்கப் பதிவு வேலையோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டாவதுக்கு முதலில் பதில். அந்தச் சிவப்புச் சிலுவையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் மகன். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னம், இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போடத் தொடங்கினால் போர்க்களத்தில் அதைப் பார்த்துச் சுடாமல் விடுகிறவனுக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விடும், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. கொழுந்து மட்டும் போதும், அழகாகவே இருக்கும்.

இப்போது சட்டம் பற்றி. பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட, அதாவது சட்டத்தின் கண்ணில் ஒரு ஆளாக்கப்பட்ட, அமைப்புகள் நம் நாட்டில் நிறைய உண்டு, கிராம மேம்பாட்டு இயக்கமான சர்வோதயம்கூட 1958இல் தொடங்கி 1972இல்தான் அப்படிக் கூட்டிணைக்கப்பட்டது. அரச பட்டயத்துக்கு மிகக் கிட்டியது அதுதான். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் ஒரே நாளில் இன்றைய நிலைக்கு வரவில்லை. 1934, 35இல் வந்த மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள், கேகாலை, குருணாகல் பக்கம்தான் மிக மோசம். அந்த அவலத்துக்குப் பிறகு 1936இல் பிரித்தானியச் சங்கத்தின் கிளையாகத்தான் இங்கே தொடங்கினார்கள். சுதந்திரம் கிடைத்த பிறகு 1949இல் தனிச் சங்கமானது, 1952இல் சர்வதேச அங்கீகாரம். வேலை முன்னால் போனது, தாள் பின்னால் வந்து அதைப் பிடித்து நிறுத்தியது. ஆகவே நீங்கள் இப்போதே பாராளுமன்றத்தை நினைக்க வேண்டாம்.

உங்கள் அளவுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு போதும். ஒரு பிரதேச செயலாளர் பிரிவுக்குள் மட்டும் வேலை செய்வதென்றால் அந்தப் பிரதேச செயலகத்திலேயே விசாரியுங்கள், என்னென்ன தாள் வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வரும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் பிறகு வங்கியிலும் சிக்கல், அலுவலகத்திலும் சிக்கல். 1998இல் வந்த திருத்தத்தின்படி, மோசடி நடந்ததாக விசாரணையில் தெரிந்தால் நிர்வாகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இடைக்காலச் சபை போடவும் அரசுக்கு வழி இருக்கிறது. சங்கத்துக்குள் கை வைக்கக்கூடிய அதிகாரம் போஷகரிடம் இல்லை, சட்டத்திடம் இருக்கிறது, தாத்தாவின் கேள்விக்கு இதுவும் பதில்.

யாப்பில் எல்லோரும் தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவை ஐந்து பக்கம் எழுதுகிறார்கள். அதை நான் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். நேரம் செலவழிக்க வேண்டியது நோக்கத்துக்கும் சொத்துக்கும். நோக்கத்தை மிகக் குறுக்கி "மண்சரிவு நிவாரணம்" என்று மட்டும் எழுதினால், நாளைக்கு லயத்தில் தீப்பிடித்தால் உங்கள் பணத்தை எடுக்க முடியாது. மிக விரித்து "சமூக மேம்பாடு" என்று எழுதினால் கோவில் தேருக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் அதிலிருந்து கேட்பார்கள், தேர் நல்ல காரியம்தான், ஆனால் வெளிநாட்டில் இரவு வேலை செய்து அனுப்புகிறவன் அதற்கு அனுப்பவில்லை. அனர்த்தத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் உணவு, உறைவிடம், மருத்துவம், பிள்ளைகளின் கல்வி என்று தெளிவாக எழுதுங்கள். சங்கம் கலைக்கப்பட்டால் மிச்சமிருக்கும் பணமும் பொருளும் உறுப்பினர்களுக்குப் பிரிக்கப்படாது, இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்கே போகும் என்ற பிரிவு இல்லாமல் பதியவே வேண்டாம். காசோலைக்கு மூவரில் இருவர் கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. ஒரே தோட்டமாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையகத்து ஆட்களுக்கு எழுதின தாளின் பலத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ற ஒரு தாள் நம் பாட்டன் பூட்டன்களை எப்படி நாடற்றவர்களாக்கியது என்று எல்லா வீட்டிலும் தெரியும். நமக்காக நாமே எழுதுகிற தாளையாவது ஒவ்வொரு வரியாக வாசித்து எழுதுவோம்.

—

சாமிமலை எழுதியது:

ஐயா, கொழுந்து மட்டும் வைத்து இலச்சினையை மாற்றச் சொல்லிவிட்டேன். கூட்டமும் நடந்தது. போஷகர் பற்றி இப்படி எழுதியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்:

"சங்கத்தின் நோக்கத்தை ஏற்று நடக்கும், எந்தக் கட்சியிலோ தொழிற்சங்கத்திலோ பதவி வகிக்காத ஒருவரைப் பொதுக்கூட்டம் போஷகராக அழைக்கலாம். போஷகருக்கு வாக்குரிமையோ, கையெழுத்து அதிகாரமோ, நிதியில் எந்தப் பங்கோ கிடையாது. உதவி பெறுவோரைத் தெரிவுசெய்வதில் அவர் தலையிட மாட்டார். பதவிக்காலம் இரண்டு வருடம்."

தாத்தாவும் கையைத் தூக்கினார். ஓய்வுபெற்ற ஒரு மருத்துவமாதுவிடம் கேட்கலாம் என்று பேச்சு, எங்களில் பாதிப் பேரைப் பிறப்பித்தவர் அவர்தான்.

—

பண்டாரவளை டீச்சர் எழுதியது:

அருமையான தெரிவு. பிரிவும் நன்றாக இருக்கிறது, ஒரு வரி மட்டும் சேருங்கள் தம்பி: போஷகர் இடம் காலியாக இருந்தாலும் சங்கத்தின் எந்தத் தீர்மானமும் அதனால் செல்லுபடியாகாமல் போகாது என்று. அவருக்கு உடம்பு முடியாமல் போகலாம், மகள் வீட்டோடு கொழும்புக்குப் போகலாம், அதற்காக மழைக்காலத்தில் சாமான் கொடுப்பது நிற்கக் கூடாது. அப்புறம் யாப்பைத் தமிழில் எழுதி முடித்ததும் சிங்களத்திலும் ஒரு பிரதி தயார் செய்துகொள்ளுங்கள், பிரதேச செயலகத்தில் வேலை சீக்கிரம் முடியும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள், நான் செய்து தருகிறேன்.